வெற்று வன்பொருளும் புரவலரும்: ஹைப்பர்வைசர் வரலாற்றில் இயங்குதளத்தின் இடம்

ஜொகூர் பாருவிலிருந்து வடக்கே கூலாய் நோக்கிச் செல்வோர் செடெனாக் என்னும் வட்டாரத்தை அறிவர். தோட்டங்கள் நிறைந்திருந்த அப்பகுதியில் இன்று தரவு மையங்களின் நீண்ட கட்டடங்கள் எழுந்துள்ளன. இஸ்கந்தார் புத்திரியின் நூசாஜெயா தொழில்நுட்பப் பூங்காவிலும் இதே காட்சியைக் காணலாம். 2019ஆம் ஆண்டில் சிங்கப்பூர் புதிய தரவு மையங்களுக்கு இசைவளிப்பதை நிறுத்தி வைத்தது. 2022ஆம் ஆண்டில்தான் கட்டுப்பாடுகளுடன் மீண்டும் அதற்கு வழி திறந்தது. அவ்விடைக்காலத்தில் முதலீட்டாளர்களின் பார்வை பாலத்துக்கு இப்பால் திரும்பியது. சில ஆண்டுகளுக்குள் தென்கிழக்காசியாவின் முன்னணித் தரவு மையப் பகுதிகளுள் ஒன்றாக ஜொகூர் வளர்ந்துவிட்டது.

அக்கட்டடங்களுக்குள் அடுக்கடுக்காக நிற்பவை கணினிகள். அவற்றுள் பல, ஒரே வேளையில் பல கணினிகளாக நடந்துகொள்கின்றன. ஒரே பொறிக்குள் ஒரு வங்கியின் கணக்கேடும், ஒரு பள்ளியின் இணையத்தளமும், ஒரு கடையின் விற்பனைப் பதிவும் ஒன்றையொன்று அறியாமல் இயங்கலாம். ஒவ்வொன்றும் தனக்கே ஒரு முழுக் கணினி உள்ளதாக எண்ணிக்கொள்கிறது. இவ்வாறு ஒரு பொறியைப் பலவாகப் பகுத்தளிக்கும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர்.

கணினியியல் பயிலும் மாணவர் அனைவரும் இதைப் பற்றி இரண்டு வரி மனப்பாடம் செய்திருப்பர். முதல் வகை ஹைப்பர்வைசர், புரவலர் இயங்குதளம் ஏதுமின்றி நேரடியாக வெற்று வன்பொருளின் மீது இயங்குவது. இரண்டாம் வகை, ஏற்கெனவே உள்ள ஓர் இயங்குதளத்தின் மீது அமர்ந்து இயங்குவது. தேர்வுக்கு இவ்விரண்டு வரிகள் போதும். ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. புரவலர் இயங்குதளம் இல்லையென்றால், அது செய்துவந்த வேலைகளை யார் செய்கிறார்? வட்டை யார் படிப்பது? வலையமைப்பை யார் ஆள்வது? நினைவகத்தை யார் பங்கிடுவது? புரவலரை நீக்கலாம், புரவலரின் கடமைகளை நீக்க இயலாது. அக்கடமைகள் யாருடைய கைக்கு மாறின என்பதே ஹைப்பர்வைசரின் அறுபதாண்டு வரலாறு.

சொற்கள் சொல்லும் செய்தி

வரலாற்றுக்குள் புகுமுன் சொற்களைச் சற்று நோக்குவோம். 'மெய்நிகர்' என்னும் நம் கலைச்சொல் மிகப் பொருத்தமாக அமைந்தது. மெய்க்கு நிகரானது, ஆனால் மெய்யன்று என்பது அதன் பொருள். மெய்நிகர்க் கணினியின் இலக்கணமும் அதுவே: உள்ளே இயங்கும் மென்பொருளுக்கு மெய்யான கணினியில் கிடைக்கும் அதே விளைவு இங்கும் கிடைக்க வேண்டும்.

'புரவலர்' என்பது பழந்தமிழில் பாணரையும் புலவரையும் காத்துப் பேணிய வள்ளலைக் குறித்தது. கணினியியலில் அது பிற மென்பொருள்களுக்கு இடமளித்துப் பேணும் இயங்குதளத்தைக் குறிக்கிறது. அங்கே வந்து தங்கும் இயங்குதளம் 'விருந்தினர்'.

ஹைப்பர்வைசர் என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1960களில் இயங்குதளத்தின் கருப்பகுதியைப் பொறியாளர்கள் 'சூப்பர்வைசர்', அதாவது மேற்பார்வையாளர், என்று அழைத்தனர். அந்த மேற்பார்வையாளருக்கும் மேலே ஒருவர் தேவைப்பட்டபோது, அதனினும் மிகுந்தது என்னும் பொருளில் 'ஹைப்பர்' என்ற முன்னொட்டைச் சேர்த்தனர். தோட்டப்புற வாழ்வை அறிந்த நம் மூத்தோருக்கு இது எளிதில் விளங்கும். கங்காணிகள் பலர் இருந்தால், அவர்களையும் கண்காணிக்கப் பெரிய கங்காணி ஒருவர் இருப்பார். இயங்குதளம் தன் கீழுள்ள நிரல்களுக்குக் கங்காணி. ஹைப்பர்வைசர் இயங்குதளங்களுக்கே கங்காணி.

தொடக்கம்: 1964 முதல் 1972 வரை

1964 ஏப்ரல் 7ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் தன் சிஸ்டம்/360 கணினிக் குடும்பத்தை அறிவித்தது. அக்காலக் கணினி ஒரு மாளிகையைப் போல் விலையுயர்ந்தது. அதைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்து பயன்படுத்த வேண்டும் என்பது ஆய்வாளர்களின் வேட்கையாக இருந்தது. மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கொர்பாட்டோ தலைமையில் அமைந்த நேரப்பகிர்வு அமைப்பு 1961ஆம் ஆண்டிலேயே செயல்முறையாகக் காட்டப்பட்டிருந்தது. ஆனால் புதிய சிஸ்டம்/360இல் நினைவக முகவரிகளை மாற்றியமைக்கும் வன்பொருள் இல்லை. ஆகவே அக்கழகம் தன் அடுத்த பெருந்திட்டத்துக்கு ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் கணினியைத் தேர்ந்தது. ஐ.பி.எம்.முக்கு அது ஒரு பின்னடைவாயிற்று.

அந்தக் கழகத்தின் அண்மையிலேயே ஐ.பி.எம். நிறுவியிருந்த கேம்பிரிட்ஜ் அறிவியல் மையத்தில் ராபர்ட் கிரீசி தலைமையிலான சிறு குழு வேறொரு வழியை நாடியது. எல்லாருக்கும் பொதுவான ஒரு பேரியங்குதளத்தை எழுதுவதற்கு மாறாக, வேலையை அவர்கள் இரண்டாகப் பிரித்தனர். சி.பி.-40 என்னும் கட்டுப்பாட்டு நிரல் ஒரு கணினியைப் பல மெய்நிகர்க் கணினிகளாகப் பகுத்தது. ஒவ்வொரு மெய்நிகர்க் கணினிக்குள்ளும் சி.எம்.எஸ். என்னும் எளிய இயங்குதளம் ஒரே ஒரு பயனரை மட்டும் கவனித்தது. பகிர்வது ஒருவர் பொறுப்பு. பயன்படுத்தத் துணைசெய்வது மற்றொருவர் பொறுப்பு. முகவரி மாற்றத்துக்கான வன்பொருளைச் சிறப்பாகப் பொருத்திய சிஸ்டம்/360 மாதிரி 40 கணினியில் இவ்வமைப்பு 1967 ஜனவரியில் நடைமுறைப் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரே நேரத்தில் 14 மெய்நிகர்க் கணினிகள்வரை அதில் இயங்கின. அதன் வழித்தோன்றலான சி.பி.-67 பின்னர் வெளியார்க்கும் கிடைத்தது. 1972 ஆகஸ்டு 2ஆம் நாள் வி.எம்./370 என்ற பெயரில் அது ஐ.பி.எம்.மின் முறையான வெளியீடாக அறிவிக்கப்பட்டது.

இங்கே நாம் கருத வேண்டியது ஒன்று. சி.பி.-40இன் அடியில் வேறு இயங்குதளம் இல்லை. பாடநூல் மொழியில் அது வெற்று வன்பொருள் ஹைப்பர்வைசர். ஆனால் மையச் செயலியின் நேரத்தைப் பங்கிட்டதும், நினைவகத்தை ஒதுக்கியதும், வட்டுகளையும் அச்சுப்பொறிகளையும் ஆண்டதும் அந்தக் கட்டுப்பாட்டு நிரலே. ஓர் இயங்குதளத்தின் தலையாய கடமைகளை அது தானே சுமந்தது. அங்கே புரவலரும் ஹைப்பர்வைசரும் ஒருவரே.

கோல்ட்பர்க் வகுத்த வகைகள்

இன்று நாம் கற்கும் இருவகைப் பாகுபாட்டை ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் தம் முனைவர் ஆய்வின்போது வகுத்தவர் ராபர்ட் கோல்ட்பர்க். 1970களின் தொடக்கத்தில் எழுதப்பட்ட அவ்வாய்வேட்டைப் படிப்போர், பாடநூல்கள் சுருக்கத்தில் விட்டுவிட்ட ஒரு நுட்பத்தைக் காண்பர். வெற்றுப்பொறியில் இயங்கும் வகை, கணினியின் நேரப் பங்கீட்டையும் வளப் பங்கீட்டையும் தானே செய்தாக வேண்டும். ஆகவே மெய்நிகராக்கத்துக்கு நேரடித் தொடர்பில்லாத நிரல் பகுதிகளும் அதற்குள் இடம்பெறக்கூடும் என்கிறார் அவர். புரவலரின் மீது இயங்கும் வகையிலோ அவ்வேலைகளைப் புரவலர் இயங்குதளம் ஏற்கிறது. மெய்நிகர்க் கணினியைப் படைக்கும் வேலை மட்டும் தனித்துத் தெரிகிறது.

அதாவது, கோல்ட்பர்க்கின் பாகுபாடு வேகத்தையோ தரத்தையோ அளக்கும் தரவரிசையன்று. வேலைப் பிரிவினையைப் பற்றிய குறிப்பு அது. 'முதல்', 'இரண்டாம்' என்னும் எண்கள் பின்னாளில் உயர்வு தாழ்வைக் காட்டும் முத்திரைகளாகிவிட்டன.

1974ஆம் ஆண்டில் ஜெரால்ட் போப்பெக்குடன் இணைந்து கோல்ட்பர்க் வெளியிட்ட கட்டுரை மெய்நிகராக்கத்துக்கு மூன்று நிபந்தனைகளை நிறுவியது. மெய்யான பொறியில் இயங்குவது போன்ற அதே விளைவு வேண்டும். வளங்கள் முழுவதும் கட்டுப்பாட்டு நிரலின் ஆளுகையில் இருக்க வேண்டும். பெரும்பாலான கட்டளைகள் இடையீடின்றி நேரடியாகச் செயலியில் நிறைவேற வேண்டும். இவை நிறைவேறுவதற்குச் செயலி ஒரு பண்பைப் பெற்றிருக்க வேண்டும் என்பதையும் அவர்கள் காட்டினர். பொறியின் நிலையை மாற்றவோ வெளிப்படுத்தவோ கூடிய ஒவ்வொரு கட்டளையும், அதிகாரம் இல்லாத நிரல் அதைப் பிறப்பித்தால், உடனே தடைபட்டுக் கட்டுப்பாட்டு நிரலிடம் வந்து சேர வேண்டும்.

தனிக் கணினியின் காலம்

1980களில் மேசைக் கணினிகள் மலிவாகப் பரவின. ஆளுக்கொரு கணினி கிடைத்தபின் பகிர்வதற்கான தேவை குறைந்தது. மெய்நிகராக்கம் பெருங்கணினிக் கூடங்களுக்குள் ஒதுங்கியது. மேசைக் கணினிகளில் வேரூன்றிய இன்டெல் எக்ஸ்86 செயலியோ மேற்சொன்ன நிபந்தனைக்கு உட்படவில்லை. பென்டியம் செயலியை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, அவ்விதியை மீறும் 17 கட்டளைகளைச் சுட்டியது. எடுத்துக்காட்டாக, குறுக்கீடுகளை நிறுத்த முயலும் ஒரு கட்டளையை அதிகாரமற்ற நிரல் பிறப்பித்தால், செயலி அதைத் தடுத்து முறையிடாது. அக்கட்டளையை ஓசையின்றிப் புறக்கணித்துவிடும். தன் ஆணை நிறைவேறிவிட்டதாக விருந்தினர் இயங்குதளம் நம்பியிருக்கும். ஹைப்பர்வைசருக்கோ செய்தியே எட்டாது.

இத்தடையைத் தாண்டியவர்கள் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மெண்டல் ரோசன்ப்ளமும் அவருடைய மாணவர்களும் ஆவர். 1997ஆம் ஆண்டில் டிஸ்கோ என்னும் ஆய்வு முறைமையை வெளியிட்ட அவர்கள், மறு ஆண்டில் டயான் கிரீனுடன் சேர்ந்து விஎம்வேர் நிறுவனத்தைத் தொடங்கினர். இடர் தரும் கட்டளைகளை ஓட்டத்தின்போதே கண்டு, பாதுகாப்பான கட்டளைகளாக மொழிபெயர்த்துச் செயலியிடம் கொடுப்பது அவர்கள் கையாண்ட உத்தி. 1999ஆம் ஆண்டில் வெளிவந்த விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன், விண்டோஸ் அல்லது லினக்ஸ் மீது ஒரு சாதாரண மென்பொருளைப் போல் நிறுவப்பட்டது. பாடநூலின்படி அது இரண்டாம் வகை.

அதன் உள்ளமைப்பை ஜெரமி சுகர்மன், கணேஷ் வெங்கிடாச்சலம், பெங்-ஹாங் லிம் ஆகியோர் 2001ஆம் ஆண்டுக் கட்டுரையில் விளக்கினர். விருந்தினர் இயங்கும் வேளையில் செயலியின் நிலை முழுவதும் மாற்றப்படுகிறது. புரவலர் இயங்குதளம் தற்காலிகமாக மேடையை விட்டே விலகுகிறது. அந்த நொடிகளில் வன்பொருளை ஆள்வது கட்டுப்பாட்டு நிரலே. வட்டிலோ வலையமைப்பிலோ வேலை வரும்போது மட்டும் அது புரவலரை மீண்டும் அழைத்து அவ்வேலையை ஒப்படைக்கிறது. 'புரவலரின் மீது அமர்ந்திருப்பது' என்று நாம் எழுதும் மென்பொருள், உண்மையில் புரவலரும் தானுமாக மாறி மாறி ஒரே இருக்கையில் அமர்கிறது. ஆயிரக்கணக்கான சாதனங்களுக்கு இயக்கி மென்பொருள் எழுதும் சுமையைத் தவிர்ப்பதற்காகவே அந்நிறுவனம் புரவலரின் துணையை நாடியது.

மறைவில் இருந்த புரவலர்

2001ஆம் ஆண்டில் விஎம்வேர் வெளியிட்ட ஈ.எஸ்.எக்ஸ்., வெற்று வன்பொருள் ஹைப்பர்வைசர் என்றே அறியப்பட்டது. அதன் கருப்பகுதி தனியே எழுதப்பட்டது. நேரப் பங்கீடு, நினைவக ஆளுகை, கோப்பு முறைமை ஆகியவற்றைத் தானே கவனித்தது. எனினும் நிர்வாகப் பணிகளுக்காக ஒரு லினக்ஸ் அதன் அருகிலேயே குடியிருந்தது. 'சேவை முனையம்' எனப்பட்ட அந்த லினக்ஸ் 2010ஆம் ஆண்டின் 4.1 பதிப்பு வரை தொடர்ந்தது. அதற்குப்பின் ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. என்னும் சிறுத்த வடிவம் மட்டுமே வெளியாகிறது.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2003ஆம் ஆண்டில் அறிமுகமான ஸென், வேறு வழியைப் பின்பற்றியது. ஸென் ஹைப்பர்வைசர் மிகச் சிறியது. வட்டையும் வலையமைப்பையும் அது நேரடியாக ஆள்வதில்லை. முதலில் எழும் சிறப்பு விருந்தினரான 'டொமைன் சுழியம்' என்னும் லினக்ஸிடம் அப்பொறுப்பை ஒப்படைக்கிறது. பிற விருந்தினரின் வேண்டுகோள்கள் அதன் வழியாகவே சாதனங்களைச் சேர்கின்றன. வாசலில் நின்ற புரவலர் இங்கே உள்ளே வந்து, அதிகாரம் பெற்ற விருந்தினராக அமர்ந்திருக்கிறார்.

2008ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஹைப்பர்-வி இதற்கு இன்னும் தெளிவான சான்று. விண்டோஸ் உள்ள கணினியில் அதை இயக்கி மறுபடி தொடங்கும்போது, ஹைப்பர்வைசர் முதலில் எழுகிறது. அதுவரை வன்பொருளின்மீது நின்ற விண்டோஸ், அதற்கு மேலுள்ள 'மூலப் பிரிவு' ஒன்றுக்குக் குடிபெயர்கிறது. திரையில் எந்த மாற்றமும் தெரியாது. பயனருக்கு அதே விண்டோஸ். ஆட்சி மட்டும் கைமாறிவிட்டது.

எல்லைக்கோடு மங்கியது

2005 நவம்பரில் இன்டெல்லும், 2006 மே மாதத்தில் ஏ.எம்.டி.யும் மெய்நிகராக்கத்துக்கெனத் தனி ஏற்பாடுகள் கொண்ட செயலிகளை வெளியிட்டன. மொழிபெயர்ப்பு உத்தி இன்றியே விருந்தினரைக் கட்டுப்படுத்த இயன்றது. இவ்வசதியைப் பயன்படுத்தி, கும்ரானெட் நிறுவனத்தின் அவி கிவிட்டி கே.வி.எம். என்னும் பகுதியை எழுதினார். 2007 பிப்ரவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.6.20 பதிப்பில் அது சேர்க்கப்பட்டது.

கே.வி.எம். எவ்வகையைச் சேர்ந்தது? அது லினக்ஸின் உள்ளே இருப்பதால் இரண்டாம் வகை என்பர் சிலர். லினக்ஸின் கருவே ஹைப்பர்வைசராக மாறி வன்பொருளின்மீது நிற்பதால் முதல் வகை என்பர் வேறு சிலர். இருதரப்பும் உண்மையையே சொல்கின்றன. கே.வி.எம்.மில் ஒவ்வொரு விருந்தினரும் லினக்ஸின் ஒரு செயற்பாடாக இயங்குகிறார். நேரத்தையும் நினைவகத்தையும் பங்கிட லினக்ஸின் பழைய உறுப்புகளே போதுமாகின்றன. நல்ல இயங்குதளம் ஏற்கெனவே செய்துவரும் வேலையை ஹைப்பர்வைசருக்காக மீண்டும் ஏன் எழுத வேண்டும் என்பதே கிவிட்டியின் அணுகுமுறை. ஒருவகையில் இது சி.பி.-40இன் நிலைக்கே திரும்புவது: புரவலரும் ஹைப்பர்வைசரும் மீண்டும் ஒருவரே.

2006ஆம் ஆண்டில் ஸென் மீது தன் மேகக் கணினிச் சேவையைத் தொடங்கிய அமேசான், 2017ஆம் ஆண்டில் கே.வி.எம்.மைத் தழுவிய நைட்ரோ அமைப்பை வெளியிட்டது. அதில் வலையமைப்பு, வட்டு ஆகியவற்றின் வேலைகள் தனி வன்பொருள் அட்டைகளுக்கு மாற்றப்பட்டன. டொமைன் சுழியத்தின் பணிகளை ஏற்க வேறொரு சிறு கணினியே முன்வந்தது போன்ற ஏற்பாடு இது. 2024 ஆகஸ்டில் அந்நிறுவனம் மலேசியாவில் தன் சேவை வட்டாரத்தைத் திறந்தபோது, இவ்வரலாறு நம் நாட்டு மண்ணிலும் வந்து சேர்ந்தது.

இவ்வேறுபாடு ஏன் முக்கியம்

இது பெயர் குறித்த வழக்காடல் என்று ஒதுக்கிவிட இயலாது. 2015 மே மாதத்தில் 'வெனம்' எனப் பெயர் பெற்ற ஒரு பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது. கியூஎமு என்னும் துணை மென்பொருளில், இன்று எவரும் பயன்படுத்தாத நெகிழ்வட்டு இயக்கியைப் போன்று நடிக்கும் பகுதியில் அது 2004ஆம் ஆண்டு முதல் பதுங்கியிருந்தது. கியூஎமுவை நம்பியிருந்த ஸென், கே.வி.எம். ஆகிய இரண்டும் அதற்கு இலக்காயின. விருந்தினர் ஒருவர் தம் அறைச் சுவரைத் துளைத்து வெளியேற அது வழிகாட்டக்கூடும். குறை இருந்தது ஹைப்பர்வைசரின் கருவில் அன்று. புரவலரின் பணியைச் செய்த துணைவரிடம்.

2023 பிப்ரவரியில் ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. கணினிகளைக் குறிவைத்த பிணைத்தொகைத் தாக்குதல் இன்னொரு பாடம். வலையமைப்பில் சேவைகளைக் கண்டறிய உதவும் ஒரு சிறு உறுப்பின் வழியாக அது நுழைந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அதற்கான திருத்தம் ஈராண்டுக்கு முன்னரே, 2021 பிப்ரவரியில், வெளியாகியிருந்தது. திருத்தத்தை நிறுவாத ஆயிரக்கணக்கான கணினிகள் பாதிக்கப்பட்டன. ஒரு பொறி வீழ்ந்தால் அதன்மீதிருந்த மெய்நிகர்க் கணினிகள் அனைத்தும் வீழும். 'வெற்று வன்பொருள்' என்ற சொல்லைக் கேட்டு, அடியில் இயங்குதளம் இல்லை, ஆகவே பேணவும் எதுவும் இல்லை என்று நம்பிய நிர்வாகிக்கு அச்சொல்லே பகையாகும். வலைச் சேவையும் கோப்பு முறைமையும் சாதன இயக்கிகளும் உள்ள இடத்தில் ஓர் இயங்குதளம் இருக்கிறது. அதன் பெயர் எதுவாயினும் சரி, அதைப் பேணியாக வேண்டும்.

வகுப்பறைக்கு

இருவகைப் பாகுபாட்டைக் கற்பிக்கலாம். அது நல்ல தொடக்கம். அத்துடன் எந்த ஹைப்பர்வைசரைப் படித்தாலும் மூன்று வினாக்களை எழுப்பும் பழக்கத்தை மாணவரிடம் ஆசிரியர்கள் வளர்க்கலாம். செயலியின் நேரத்தையும் நினைவகத்தையும் பங்கிடுபவர் யார்? வட்டு, வலையமைப்பு ஆகிய சாதனங்களுடன் நேரடியாகப் பேசுபவர் யார்? மெய்நிகர்க் கணினிகளைப் படைக்கவும் நிறுத்தவும் அதிகாரம் பெற்றவர் யார்? ஈ.எஸ்.எக்ஸ்.ஐ.யில் மூன்றுக்கும் விடை ஒன்றே. ஸென்னில் முதல் விடை ஹைப்பர்வைசர். மற்ற இரண்டுக்கும் டொமைன் சுழியம். வொர்க்ஸ்டேஷனில் முதல் இரண்டும் பெரும்பாலும் புரவலரைச் சாரும். வகை எண்ணை மறந்த மாணவரும் இவ்விடைகளைக் கொண்டு அமைப்பை வரைந்து காட்ட முடியும்.

செய்முறைக்குப் பெருங்கூடம் வேண்டியதில்லை. பள்ளியின் விண்டோஸ் மடிக்கணினியில் கணினியைப் பற்றிய விவரப் பக்கத்தைத் திறந்தால், பல வேளைகளில் ஹைப்பர்வைசர் ஒன்று கண்டறியப்பட்டுள்ளது என்ற வரி அதன் இறுதியில் இருக்கும். தாம் நாள்தோறும் பயன்படுத்தும் விண்டோஸே ஒரு கங்காணிக்குக் கீழ் இயங்குகிறது என்பதை அந்த ஒரு வரி மாணவருக்கு உணர்த்திவிடும்.

ஸ்கூடாயிலும் பிற ஊர்களிலும் கணினியியல் பயிலும் நம் மாணவர்களுள் பலர் நாளை செடெனாக்கிலும் நூசாஜெயாவிலும் பணியேற்பர். அவர்கள் காவல் காக்கப்போகும் பொறிகளில் மருத்துவமனைகளின் பதிவுகளும் மக்களின் சேமிப்பும் குடியிருக்கும். ஒரு பொறியில் இறுதி அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதை அறிந்தவரே அதைக் காக்க வல்லவர். அவ்வறிவைத் தாய்மொழியில், தெளிந்த சொற்களில் அவர்களுக்கு வழங்குவது ஆசிரியப் பெருமக்களின் கடமை; ஒவ்வொரு வரையறைக்குப் பின்னும் 'அப்படியானால் அவ்வேலையை யார் செய்கிறார்?' என்று கேட்பது மாணவரின் கடமை.